மோரிஸ் மைனரில் 1275 சிசி எஞ்சின்

என்னுடையது 1966-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார். அதன் 1098 சிசி எஞ்சின் தருவது 48 குதிரைசக்தி. இங்கிலாந்தின் கிராமத்துச் சாலைகளுக்கு அது தாராளம். மோட்டார்வே என்னும் அதிவேக நெடுஞ்சாலையில்தான் திண்டாட்டம். அங்கே லாரிகளே மணிக்கு 56 மைல் வேகத்தில் போகின்றன. ஏற்றத்தில் மைனரின் வேகம் குறையக் குறைய, பின்பார்வைக் கண்ணாடி முழுக்க லாரியின் முகம்தான் தெரியும்.

ஃபோர்டு, ஃபியட் எஞ்சின்களை மைனரில் ஏற்றியவர்கள் உண்டு. வண்டியின் உடலை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. 1952 முதல் மைனரில் இருப்பது ஏ-சீரிஸ் என்னும் எஞ்சின் வகை. 1275 சிசி அதன் உடன்பிறந்த அண்ணன். மினி என்ற சிறிய காரிலும் அது உண்டு என்றாலும், அங்கே குறுக்காக வைத்து கியர் பாக்ஸையும் எஞ்சினுக்கு அடியிலேயே அடக்கியிருக்கிறார்கள். மைனருக்கு அது அப்படியே பொருந்தாது. எம்ஜி மிட்ஜெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் நீளவாக்கில் நிற்கும். திறனும் 65 குதிரைசக்தி. அதைத்தான் தேடிப்பிடித்து வாங்கினேன்.

எஞ்சினைத் தொடும் முன் பிரேக்கை மாற்றினேன். இந்த வரிசையை யாரும் மாற்ற வேண்டாம். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுவது எளிது. பிரேக் மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்தான் பொறுமையைச் சோதித்தது. ஓட்டுநரின் காலடியில், சட்டத்துக்குள் புதைந்திருக்கும் அதன் போல்ட்டுகளைக் கழற்றினாலும் வெளியே உருவ முடியாது. முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற கம்பி குறுக்கே நிற்கிறது. அதை விலக்கித்தான் எடுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்த்திசையில் செருகினேன். அடுத்த முறை கழற்றுபவருக்கு அந்தப் பாடு இருக்காது.

பழைய எஞ்சினை இறக்குவதில் சிரமம் இல்லை. புதியதில் மைனரின் முன் தகட்டைப் பொருத்த வேண்டியிருந்தது. அதற்கு, கிராங்க் தண்டையும் வால்வுகளை இயக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் செயினைக் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது இரண்டு பற்சக்கரங்களிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் பார்க்கின்றனவா என்று மூன்று பேர் சரிபார்த்தோம்.

எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் இடத்தில் அவசரம் கூடவே கூடாது. கிளட்ச் தட்டை நடுமையத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். எஞ்சினின் எடை கியர் பாக்ஸ் தண்டின் மேல் தொங்கக் கூடாது. கடைசி அரை அங்குலம் ஒட்டாமல் நின்றபோது போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. அப்படி இழுத்தால் கிளட்ச் தட்டு பாழாகும். கிராங்கைச் சற்றே திருப்பியதும் பற்கள் பொருந்தி, எஞ்சின் தானாக உள்ளே சென்று அமர்ந்தது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன். அதன் பிறகே பிளக்குகளை மாட்டி உயிர் கொடுத்தேன்.

புதிய எஞ்சின் எண்ணையும் சிசி அளவையும் வாங்கிய ரசீதோடு வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு எழுதி, பதிவுச் சான்றிதழைத் திருத்திக்கொண்டேன். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லியாக வேண்டும். நாற்பது ஆண்டு கடந்த வண்டி என்பதால் எம்ஓடி என்னும் ஆண்டுப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை. அதே வகை எஞ்சின் என்பதால் அந்த விலக்கும் பறிபோகவில்லை. ஆனாலும் நானாகவே சோதனைக்குக் கொண்டுபோனேன். பிரேக்கைக் கழற்றிப் பூட்டிய வண்டியை வேறொருவர் கண் பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது ஏற்றத்திலும் டாப் கியரிலேயே போகிறது. பின் அச்சின் விகிதம் பழைய 4.22 என்பதால் அறுபது மைலில் எஞ்சின் சத்தம் அதிகம். அடுத்த வேலை, எஞ்சின் சுழற்சியைக் குறைக்க 3.9 விகித டிஃபரன்ஷியலை (பின் அச்சின் பற்சக்கரத் தொகுதியை) மாட்டுவது.