'டான்' மனிதரும் அறுந்துபோன இணைப்பும்

மூளைப் படத்தில் இடப்பக்கம் இரண்டு வட்டம் போட்டு, முன்னால் இருப்பது ப்ரோக்கா, அது பேச. பின்னால் இருப்பது வெர்னிக்கே, அது புரிந்துகொள்ள என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்களே, அந்தப் படத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பொய் இல்லை, ஆனால் முக்கியமான விஷயம், அதாவது பகுதிகளுக்கு நடுவே உள்ள இணைப்பு, அதில் இல்லை.

1861 ஏப்ரலில் பாரிஸ் பிசேத்ர் மருத்துவமனையில் அழுகிப்போன காலோடு லெபோர்ன் என்ற நோயாளி பால் ப்ரோக்கா என்ற மருத்துவரிடம் வருகிறார். இருபது வருஷத்துக்கு மேலாக எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்றுதான் பதில், கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுசாக வந்துவிடுமாம். சில நாளிலேயே இறந்துவிட்டார். மூளையின் இடது முன்பகுதியில் சேதம் இருப்பதைப் பார்த்த ப்ரோக்கா அதைத் துண்டு போடாமல் முழுதாகப் பதப்படுத்தி வைத்தார், அதுதான் பெரிய புண்ணியம். 2007-ல் அதே மூளையை எம்.ஆர்.ஐ.யில் ஸ்கேன் செய்து பார்த்தால், சேதம் மேற்பரப்போடு நிற்கவில்லை. உள்ளே ஆழத்தில், பகுதிகளை இணைக்கிற நரம்பிழைக் கற்றைகள் வரை போயிருந்தது. அப்படியானால் அந்த மனிதரின் பேச்சைப் பறித்தது அந்த ஒரு புள்ளிதான் என்று எப்படிச் சொல்வது?

இணைப்புதான் விஷயம் என்பதை முதலில் பிடித்தவர் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர், 1874-ல், அப்போது அவருக்கு 26 வயது. இரண்டு இடமும் நன்றாக இருந்து நடுவில் உள்ள வழி மட்டும் கெட்டால் தனியாக ஒரு பேச்சுக் கோளாறு வர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அப்படிப்பட்ட நோயாளிகள் நிஜமாகவே இருக்கிறார்கள். சொல்வது புரியும், தானாகவும் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் 'நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க' என்றால் தடுமாற்றம்தான். 'முருங்கைக்காய்' என்று சொன்னால் 'முங்கருக்கா... முருக்கங்கா...' என்று கிட்டக் கிட்ட வந்து, தப்பு என்று தெரிந்து, திரும்பத் திரும்ப முயற்சி செய்வார்கள். வாக்கியத்தைக் கொடுத்தால் சில பேர் சொற்களை விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் வேறு மாதிரி சொல்லிவிடுவார்கள். இதற்கு அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே வில் மாதிரி வளைந்து போகிற ஆர்க்குவேட் என்ற நரம்பிழைக் கற்றைதான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் இருக்கிற மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) சேதத்துக்கும் பங்கு உண்டு என்று இப்போது பலர் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

உயிரோடு இருப்பவர் மூளையில் இந்தக் கற்றைகளை வரைந்து பார்க்க இப்போது வழி இருக்கிறது. நரம்பிழை ஓடும் திசையில் தண்ணீர் மூலக்கூறுகள் சுலபமாக நகரும், குறுக்கே அவ்வளவாக நகராது, அதை ஸ்கேனில் அளந்து பாதையைக் கணக்கிடுகிறார்கள். 2005-ல் லண்டனில் கட்டானி என்ற ஆய்வாளரின் குழு இப்படிப் பார்த்தபோது ஆர்க்குவேட் ஒற்றைப் பாதை இல்லை, நேர்வழியோடு பக்கவாட்டுப் பகுதியில் இறங்கி ஏறிப் போகும் சுற்றுவழி ஒன்றும் இருக்கிறது என்று தெரிந்தது. அப்புறம், ஆர்க்குவேட்டுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடுகிற இன்னொரு கற்றை, கீழ்வழி, வேறு இருக்கிறது. பிரான்சில் மோன்பெலியேவில் டுஃபோ என்ற சர்ஜன், நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளைக் கட்டியை எடுப்பவர். படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லிக்கொண்டே மூளையில் லேசான மின்சாரம் வைப்பார். ஆர்க்குவேட்டைத் தொட்டால் எழுத்துகள் இடம் மாறும், கீழ்வழியைத் தொட்டால் அந்தச் சொல்லுக்குப் பதில் அர்த்தத்தில் பக்கத்தில் இருக்கிற வேறு சொல் வந்து விழும். கரண்ட்டை எடுத்தால் சரியாகிவிடும்!

எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது 1892-ல் பாரிஸில் டெஜெரின் என்ற மருத்துவர் எழுதிவைத்த ஒரு வியாபாரியின் கதை. அவருக்கு எழுத வரும், ஆனால் தானே எழுதியதைக்கூடப் படிக்க வராது. இடது பார்வைப் பகுதி போய்விட்டது, வலப்பக்க மூளை பார்ப்பதை இடப்பக்க மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பிழைப் பாலத்தின் பின்பகுதியும் கெட்டிருந்தது. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, மொழியிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஆனால் எழுத்தின் வடிவத்தைக் கையால் வரைந்து பார்த்தால் மட்டும் அது என்ன எழுத்து என்று சொல்லிவிடுவார், ஏனென்றால் கையசைவு வருகிற வழி வேறு, அது அறுபடவில்லை.