ஜிம்னிக்கு ஐந்து டயர்

சென்ற ஆண்டு ஜூலையில், தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாயில், எங்கள் சுசூகி ஜிம்னி ஜீப்பின் இடது பின் டயர் போய்விட்டது. அதைப் பஞ்சர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆணி குத்தியிருந்தால் பஞ்சர். இதுவோ பக்கவாட்டில், ரிம்முக்கு இரண்டு விரல்கடை மேலே, சுண்டுவிரல் நீளத்துக்கு வாய் பிளந்து, உள்ளே நூல் நூலாகத் தெரிந்தது. தரையில் படும் பாகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

கணவாய் ஏறும் டிராக்கன்ஸ்பர்க் மலையின் மேற்பகுதி எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை. உடைந்தால் நம் ஊர் கருங்கல் ஜல்லிபோல விளிம்போடுதான் உடையும். எதிரே இறங்கி வந்த வண்டிக்கு வழிவிட ஓரம் ஒதுங்கினோம். அங்கே அப்படி ஒரு கல் காத்திருந்தது. கணவர் ஜாக்கி போட்டு உயர்த்த, நான் ஸ்டெப்னியைக் கழற்றினேன். (ஸ்டெப்னி என்றால் நாங்கள் இருக்கும் டர்பனில் எவருக்கும் புரியாது. தென்காசியிலிருந்து நான் கொண்டுவந்த சீர்வரிசையில் அந்தச் சொல்லும் ஒன்று. இப்போது மாமனாரும் சொல்லப் பழகிவிட்டார்.) ஜூலை இங்கே குளிர்காலம். நட்டுகளைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. ஒரு நட்டு உருண்டு ஓடி, மாமியார் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுத் தூக்கின் அடியில் போய் நின்றது.

வீடு திரும்பியதும் கணவர் ஒரே முடிவாக இருந்தார்: நான்கையும் மாற்றிவிட்டு தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல்-டெரெயின் டயர் போட வேண்டும், அதிலும் கனத்தது, பெரியது. கடைக்காரரும் அதே கட்சி. 235/75 ஆர் 15 அளவில் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, என்னைத் தாண்டி அவரிடம் பேசினார். வீட்டில் கணக்கு எழுதுவது யார் என்று அவருக்குத் தெரியாது.

நானும் அங்கேயே கணக்குப் போட்டேன். எங்கள் வண்டிக்கு வந்த அளவு 195/80 ஆர் 15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரின் முழு உயரம் 693 மில்லிமீட்டர். அவர் காட்டியது 733 சொச்சம். ஏறத்தாழ ஆறு சதவீதம் கூடுதல். அதாவது, வேகமுள் 100 காட்டும்போது வண்டி முன்னைவிட ஆறு சதவீதம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். 1.5 லிட்டர், 75 கிலோவாட் எஞ்சினுக்கு அந்தப் பெரிய சக்கரத்தைச் சுழற்றுவதே ஒரு வேலை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏற்றத்தில் லாரிகளோடு லாரியாக ஊர்வதற்கு நான் தயாராக இல்லை. 215/75 என்றால் வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான், அது பரவாயில்லை.

ஆனாலும் அன்று வாங்கவில்லை. மூன்று மாதம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வண்டி எங்கெங்கே ஓடுகிறது என்று குறிக்கத் தொடங்கினேன். மாமியார் சிரித்தார். அதுவரை கிழிந்த டயரின் இடத்தில் அதே அளவில் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டோம்.

மொத்தம் 3,140 கிலோமீட்டர். அதில் தார்ச்சாலை 2,905. சரளைச் சாலை 190. மீதி 45, டோங்காட்டுக்கு அப்பால் கரும்புத் தோட்டத்துக்குள் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் செம்மண் பாதை. கடற்கரை மணல் பூஜ்யம். இங்கே கடற்கரையில் வண்டி இறக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தடை. சானியோ ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை.

ஒரு கெட்ட நாளுக்காக மற்ற நாள் முழுவதும் கனத்த டயரை இழுத்துத் திரிவதா? கணவருக்கும் எனக்கும் இதில்தான் சண்டை. சிறு லாரிகளுக்கான தடித்த வகை டயரைப் போட்டால் பக்கவாட்டு கிழியாது என்பது அவர் வாதம். முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த வகைக்குத் தோல் தடிமன்தான். வீட்டுத் தராசில் ஏற்றிப் பார்த்தோம், ஒன்று எங்கள் பழைய டயரைவிட நான்கு கிலோவுக்குக் குறையாமல் கூடுதல். ஐந்து சக்கரத்துக்கு இருபது கிலோ. அதில் ஸ்டெப்னி போக மற்றதெல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் பாரம். பாரம் தாங்க அது தேவையா என்றால், அதுவும் இல்லை. எங்கள் டயரில் எழுதியிருக்கும் 96 என்ற எண்ணுக்கு 710 கிலோ என்று பொருள். நான்குக்கும் சேர்த்து 2,840. ஜிம்னி ஆளும் மூட்டையுமாக நிரம்பினாலும் அனுமதிக்கப்பட்ட எடை 1,435 கிலோ.

கடைசியில் வண்டிக்கு வந்த அதே 195/80 அளவில் யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ஜி015 வாங்கினோம். பக்கவாட்டில் மூன்று சிகரமும் பனித்துகளும் சேர்ந்த முத்திரை இருந்தது. பனியில் பிடிமானச் சோதனையில் தேறிய டயர் என்று அதற்குப் பொருள். ஜூலையில் சானியின் நிழல் விழும் வளைவுகளில் உறைபனி படியும் என்பதால் அதற்கு நான் மதிப்பெண் போட்டேன். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து. ஜிம்னியின் நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே விட்டுக்கொடுக்கும் கியர் கிடையாது. புதுசும் தேய்ந்ததும் கலந்து மாட்டினால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

பணம் கொடுக்குமுன் ஐந்தையும் குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. நான்கு டயர்கள் அந்த ஆண்டுக்குரியவை. ஐந்தாவதில் விரலை வைத்துத் தடவினால் 1819. அதாவது 2019ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். புழுதி துடைத்துப் புதிதாகப் பளபளத்தது. "ஸ்டெப்னிதானே, பின்கதவில் தொங்கப்போகிறது" என்றார் கடைக்காரர். என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. மாற்றிக் கொடுத்தார்.

ஓட்டிப் பார்த்ததில் சொல்ல வேண்டியவை: மணிக்கு 100இல் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. முதல் வாரம் கணவர் அதைச் சக்கரப் பேரிங் என்றே நம்பினார். சரளையில் பிரேக் போட்டால் முன்னைப்போல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. கோயில் பாதையின் செம்மண்ணில், மழை பெய்தால், பெருமைப்பட ஒன்றுமில்லை. இரண்டு சுற்றில் டயரின் வரிப்பள்ளங்கள் எல்லாம் மண் அப்பி, டயர் மொழுமொழுவென்று ஆகிவிடுகிறது. அன்றைக்கு மாமனார் இறங்கித் தள்ளினார்.

இந்த ஜூலையில் மறுபடி சானி. ஏறுமுன், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு சொல்லும் 1.8 பார் அழுத்தத்திலிருந்து 1.5க்குக் காற்றை இறக்கினோம். இன்னும் இறக்கலாம் என்றார் கணவர். இறக்கினால் டயர் கல்லுக்கு வளைந்துகொடுக்கும், சரி. ஆனால் வயிறும் வெளியே தள்ளும், போன தடவை கிழிந்தது அந்த வயிறுதானே என்றேன். ஓரம் ஒதுங்கும்போதெல்லாம் நான் இறங்கி முன்னே நடந்து கல்லைப் பார்த்துச் சொன்னேன். உச்சி 2,876 மீட்டர். ஐந்து டயரும் முழுசாகப் போய்ச் சேர்ந்தன. இறங்கும்போது கணவர், "தடித்தது போட்டிருந்தால் நீ நடந்திருக்க வேண்டாம்" என்றார்.

நோட்டில் இப்போது 6,400 எழுதியிருக்கிறது. 10,000 ஆனதும் ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்ற வேண்டும்.