ஒலி அட்டைக் கருவி: ழ, ள, ல பயிற்சிக்கு

பெல் அண்ட் ஹவல் நிறுவனத்தின் 'லாங்குவேஜ் மாஸ்டர்' மாதிரியான பழைய ஒலி அட்டைக் கருவி (அட்டையை உள்ளே ஓட்டிக் குரலைப் பதியவும் கேட்கவும் உதவுவது) கைக்குக் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உச்சரிப்புப் பயிற்சிக்கு அருமையான கருவி அது.

அட்டையின் கீழ் விளிம்பையொட்டி காந்த நாடா ஒட்டியிருக்கும். அதில் இரண்டு தடங்கள்: ஒன்றில் ஆசிரியர் குரல், மற்றதில் மாணவர் குரல். ஒரே அட்டையைத் திரும்ப ஓட்டி இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். தன் குரலை அடுத்த நொடியே மாதிரியோடு ஒப்பிட்டுக் கேட்பதுதான் இதன் முழுப் பலமும்.

அட்டைக்கு ஒரு சொல் போதும். பல்லி/பள்ளி, வாளை/வாழை என்று இணை இணையாகப் பதியுங்கள். படத்தை மேலே வரையுங்கள், நாடாமேல் மை படக்கூடாது. அட்டை உள்ளே போனதுமே பேசாதீர்கள். அரை நொடி விடுங்கள். ஓட்டம் சீராகும் முன் பேசினால் முதல் எழுத்து நசுங்கிவிடும், 'பள்ளி' வெறும் 'ள்ளி' ஆகிவிடும். பதிந்ததும் ஆசிரியர் தடத்துக்கான சுவிட்சை மறக்காமல் பூட்டுங்கள். குழந்தை கைபட்டு மாதிரிக் குரல் அழிவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒலி மங்கினால் முதலில் ஹெட்டை, அதாவது நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பகுதியை, பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, காயவிட்டு ஓட்டுங்கள். குரல் அலைந்து அலைந்து வந்தால் ரப்பர் உருளையோ பெல்ட்டோ தளர்ந்திருக்கும். நடுவில் மட்டும் ஒலி விட்டுப்போனால் அட்டை வளைந்திருக்கிறது, நாடா ஹெட்டைத் தொடவில்லை. அட்டைகளைக் கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் காந்தம் பதிவைக் கெடுத்துவிடும்.