அப்ப என்னத்துக்குப் புள்ள?

மாடி வீடு கட்டினால் வந்து இருப்பீர்களா என்று கேட்கும் அந்தப் படிவத்தில் இரண்டு பெட்டிகள்தான் இருந்தன: ஆம், இல்லை. நான் 'இல்லை'யில் சரி போட்டேன். ஒரு வருடத்துக்கு மேலாகிறது, அந்த விடியற்காலை இன்னும் என்னை விடவில்லை.

சந்தைக்குப் பின்னால் இருக்கும் வாகனத் தரிப்பிடம்தான் அந்த வீடுகளுக்கு நான் பார்த்த இடம். கீழே வண்டிகள் நிற்கத் தூண்கள், மேலே மூன்று மாடி. மட்டக்களப்பு டவுனுக்குள் வேலை செய்யும் வருமானம் குறைந்தவர்களுக்குச் சின்ன வாடகையில் வீடுகள். எங்கள் அலுவலகத்து மேசையைத் தாண்டாத ஒரு வரைபு அது. வரைந்தவள் நான். நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். டவுன் இருக்கும் புளியந்தீவைச் சுற்றி வாவி, உள்ளே வெறுங்காணி எங்கே இருக்கிறது? சுனாமிக்குப் பிறகு கடலோர நாவலடிச் சனத்தில் பலரை டவுனுக்குத் தள்ளியிருக்கும் திராய்மடுவில் குடியேற்றினார்கள். கடலிலிருந்து அது பாதுகாப்பு, சரி. ஆனால் டவுனைக் கூட்டுகிறவர் விடிய நாலு மணிக்கே அங்கிருந்து வெளிக்கிட வேண்டும். தரிப்பிடத்தில் நிற்பவற்றில் பாதி கடைக்காரர்களின் சொந்த வண்டிகள், காலையில் வந்தால் கடை பூட்டும்வரை அசையாது. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரிலும் இதே கதைதான். டவுன் நடுவில் நகரசபைக்குச் சொந்தமான தரிப்பிடங்களில் குறைந்தது 345 மலிவு வீடுகள் கட்டலாம் என்றபோது அங்கேயும் கடைக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள்.

யாருக்காக வரைந்தேனோ அவர்களிடமே கேட்க வேண்டும் என்று படிவத்தோடு போனேன். அங்கே ஒரு அக்கா தரிப்பிடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"வீடு எவ்வளவு பெரிசு?"

450 சதுர அடி என்றேன். அவருக்கு அது பிடிபடவில்லை. மூன்றரைக் கார் நிற்கிற இடம் என்று காலால் அளந்து காட்டினேன். அவர் தும்புத்தடியைத் திருப்பி, கட்டையால் ஈர மண்ணில் கோடு இழுத்தார். இது வாசல், இது குசினி, இதில சாமிப்படம். பிறகு கோட்டுக்கு உள்ளேயே நின்றபடி கேட்டார்: "இத சின்னவளுக்குச் சீதனமா எழுதலாமா?"

இது வாடகை வீடு அக்கா, எழுத ஏலாது என்றேன்.

"அப்ப என்னத்துக்குப் புள்ள?"

அவ்வளவுதான். ஓட்டோ ஒன்று உள்ளே வந்தது, அவர் விலகிக் கூட்டத் தொடங்கினார். நான் சரி போட்டேன்.

எங்கள் ஊரில் வீடு மகளுக்குத்தான். இது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல, என் அம்மா எனக்கு எழுதித் தந்த வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அக்காவுக்குச் சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடு, 500 சதுர அடி, மூத்தவளின் கல்யாணத்தோடு அவளுக்குப் போய்விட்டது. அவரும் சின்னவளும் அதே வளவின் பின்பக்கம் தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். எழுத முடியாத வீட்டை அவர் வேண்டாம் என்றதில் என்ன ஆச்சரியம்? அன்று அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஏன் வாடகை என்று வரைந்தேன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மாடி வீடுகளுக்குத் தனித்தனி உறுதி முடிக்க 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் உறுதி கையில் வந்தால், கையிறுக்கம் வரும் ஒரு மாதத்தில் அது விலைபோகும். வாங்குகிறவர் அதே கடைக்காரராகத்தான் இருப்பார். வீடு ஏழைகளிடமே தங்க வேண்டுமென்றால் எழுத முடியாத வீடாக இருக்க வேண்டும். இதை நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் எங்கள் ஊரில் மகளுக்குக் கொடுக்க முடியாததை வீடு என்று சொல்வார்களா? இரண்டும் ஒன்றாக என் தலைக்குள் நிற்கின்றன, ஒன்று மற்றதைத் தள்ளிவிடவில்லை.

வரைபு நின்றுபோனதற்கு அந்த ஒரு படிவம் காரணமில்லை. காசு இல்லை, கடைக்காரர் விருப்பமில்லை, மாரியில் நாலு அடி தோண்டினாலே தண்ணீர் வரும் மண்ணில் அத்திவாரச் செலவும் அதிகம். இதை எனக்கே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆனால் கூட்டத்தில் மேலதிகாரி "சனத்துக்கே விருப்பமில்லையே" என்று தூக்கிக் காட்டிய படிவக் கட்டுக்குள் என் கையெழுத்துள்ள அந்தத் தாளும் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. தாளில் இருப்பதைத்தானே அவர் சொல்கிறார் என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் அதே இடத்தில் அக்காவைக் கண்டேன். அவர்தான் கேட்டார்: "அந்த மாடி வீட்டு வேல எப்ப புள்ள தொடங்குது?"

உங்களுக்கு வேண்டாம் என்றீர்களே என்று வாய்வரை வந்தது. "சீதனமாக எழுத ஏலாதே அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"சின்னவளுக்குப் பின்வளவில ஒண்ட எப்படியும் கட்டிக் குடுப்பன். அதையும் குடுத்தாப்போல நான் எங்க புள்ள இரிக்கிற?"

ஆக, அன்று அவர் கேட்டது கேள்வி. என்னத்துக்கு என்று உண்மையாகவே என்னிடம் கேட்டிருக்கிறார். கொடுத்து முடித்த தாய்க்கு, யாருக்கும் எழுதத் தேவையில்லாத ஒரு வீடு: நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான், அது என் வரைபிலேயே இருந்தது. அல்லது இந்த ஒரு வருடத்தில்தான் அவருடைய மனம் மாறியதோ? அப்படியென்றால் என் சரி அன்றைக்குச் சரிதான். எந்தத் தொனியில் சொன்னார் என்று நினைவில் தேடிப் பார்க்கிறேன். ஓட்டோச் சத்தம்தான் கேட்கிறது.

"இன்னும் முடிவாகல்ல அக்கா" என்றேன். தும்புத்தடியை எடுத்துக்கொண்டு அவர் அடுத்த வரிசைக்குப் போனார்.