படிக்க வந்தவங்கள ஏன் வெளிய அனுப்பறோம்

யோசிச்சுப் பார்த்தா லிங்க் கொடுக்கறது ஒரு விசித்திரமான வேலை. உக்காந்து எழுதி, திருத்தி, தலைப்பு வச்சு, ஒருத்தர் படிக்கவும் வந்துட்டாரு, அவரு பாதி படிச்சிட்டு இருக்கும்போதே நடுவுல ஒரு வார்த்தைய நீல கலராக்கி "இங்க போய் பாருங்க, இவரு இத விட நல்லா எழுதியிருக்காரு"ன்னு வெளிய அனுப்பி வைக்கறோம். போனவரு திரும்பி வருவாரான்னு தெரியாது. அனுப்பினவங்களுக்கு அஞ்சு பைசா பிரயோஜனம் இல்ல. அப்படியும் ஜனங்க 30 வருஷத்துக்கு மேல இத பண்ணிட்டு இருக்காங்க. எதுக்காக பண்றாங்கன்னு நான் அடிக்கடி யோசிப்பேன், இப்போ அந்தப் பழக்கம் கண்ணு முன்னாடியே கொறஞ்சிட்டு வர்றதால இன்னும் ஜாஸ்தியா யோசிக்கறேன்.

என் பதில மொதல்லயே சொல்லிடறேன். நல்ல விஷயம் ஒண்ணப் பார்த்தா அத நம்மளோடயே வச்சுக்க முடியறதில்ல. பக்கத்துல இருக்கறவங்கள கூப்பிட்டு "ஏய் இத பாரேன்"னு சொன்னாதான் பார்த்தது முழுசாகுது. அடிப்படை அதுதான், மத்த காரணமெல்லாம் அப்பறமா வந்து ஒட்டிக்கிட்டது.

வெப் ஆரம்பிச்ச காலத்த எடுத்துக்கோங்க. 1994ல அமெரிக்கால காலேஜ் படிச்சிட்டு இருந்த ஜஸ்டின் ஹால் தனக்குன்னு ஒரு பக்கம் தொடங்கினாரு, தன்னோட சொந்தக் கதையோட சேர்த்து வெப்ல தான் பார்த்த வினோதமான பக்கத்துக்கெல்லாம் அதுல லிங்க் போட்டு வச்சாரு. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட்ல ஜெரி யாங், டேவிட் ஃபைலோன்னு ரெண்டு பேரு தங்களுக்குப் பிடிச்ச சைட்டுங்கள பட்டியல் போட ஆரம்பிச்சாங்க, அதுதான் யாஹூ ஆச்சு. 1997ல ஜோர்ன் பார்கர் தினமும் தான் படிச்சதுக்கெல்லாம் லிங்க் போட்டு ஒண்ணு ரெண்டு வரி எழுதி வச்சாரு, இன்னைக்கு நாம ப்ளாக்னு சொல்றதுக்கு முன்னோடிங்கள்ல அதுவும் ஒண்ணு. 1998ல தொடங்கி 2017 வரைக்கும் ஓப்பன் டைரக்டரி ப்ராஜெக்ட்னு ஒண்ணு ஓடுச்சு, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் சம்பளம் இல்லாம உக்காந்து சைட் சைட்டா பார்த்து, எந்தத் தலைப்புக்கு கீழ வரும்னு பிரிச்சு அடுக்குனாங்க. யாரும் அவங்களுக்கு விருது கொடுக்கல. கண்டுபிடிச்சத அடுத்தவங்களுக்குக் காட்டணுங்கற ஆசைதான் அவங்கள ஓட்டியிருக்கணும், வேற எதுவும் எனக்குத் தோணல.

இத வெப்புக்கு முன்னாடியே ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்காரு. யூஜின் கார்ஃபீல்ட்னு ஒரு அமெரிக்கர், 1964ல சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ கொண்டு வந்தவர், எந்த ஆராய்ச்சிக் கட்டுரைய யார் யாரு மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு தேடிப் பார்க்கறதுக்கான அட்டவணை அது. விஞ்ஞானிங்க எதுக்காக அடுத்தவங்க வேலைய மேற்கோள் காட்டறாங்கன்னு அவரு 15 காரணம் எழுதி வச்சிருக்காரு. முன்னோடிகளுக்கு மரியாதை செய்யறது, நம்ம வேலையோட சம்பந்தப்பட்ட வேலைக்கு உரிய பேரைக் கொடுக்கறது, நாம சொல்றதுக்கு ஆதாரம் காட்டறது, அடுத்தவங்க தப்பத் திருத்தறது, தன்னோட பழைய தப்பையே திருத்தறது, "இத மொதல்ல சொன்னது நீ இல்ல"ன்னு மறுக்கறது, இப்படிப் போகுது. அந்தப் பட்டியல்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது, சரியா பரவாத, யாரும் மேற்கோள் காட்டாத வேலைக்கு வழி காட்டி விடறதுங்கற காரணம். பேர் வாங்கின ஒருத்தருக்கு லிங்க் கொடுக்கறது ஈஸி. யாருமே படிக்காத பக்கத்துல நல்லா எழுதிட்டு இருக்கற ஒருத்தருக்குக் கொடுக்கறதுலதான் லிங்க்குக்கு வேலையே இருக்கு.

அந்த வேலைய நான் தமிழ்லயே பார்த்திருக்கேன். 2004ல காசி ஆறுமுகம் தமிழ்மணத்த தொடங்கினாரு, தமிழ்ல எழுதறவங்க பதிவெல்லாம் ஒரே பக்கத்துல வந்து விழும், மொத்தமா பார்த்தா அதுவே ஒரு பெரிய சுட்டிப் பட்டியல்தான் (லிங்க்குக்குத் தமிழ்ல சுட்டின்னு பேரு). ஆனா எனக்கு அத விட நெருக்கமா இருந்தது வலைச்சரங்கற ப்ளாக். வாரத்துக்கு ஒருத்தர் ஆசிரியர் பொறுப்பு எடுத்துக்குவாங்க, அவங்களுக்கு வேலை என்னன்னா அந்த வாரம் பூரா மத்தவங்க பதிவ அறிமுகப்படுத்தணும். சும்மா பேரு மட்டும் போட மாட்டாங்க, இவரு கவிதை இப்படி இருக்கும், இவங்க சமையல் குறிப்பு கூடவே அவங்க ஊர்க்கதையும் வரும், இவரு பழைய கல்வெட்ட பத்தி எழுதறாரு ஆனா யாரும் எட்டிப் பார்க்கறதில்ல, அப்படின்னு எழுதி சுட்டி கொடுப்பாங்க. அறிமுகமானவங்களுக்குப் பின்னூட்டத்துல வந்து சொல்லிட்டுப் போவாங்க, உங்கள இன்னைக்கு வலைச்சரத்துல அறிமுகப்படுத்தியிருக்காங்கன்னு. எங்கயோ ஒரு ஊர்ல ராத்திரி புள்ளைங்கள தூங்க வச்சிட்டு எழுதிட்டு இருக்கற ஒரு அம்மாவுக்கு அது எவ்ளோ பெரிய சந்தோஷமா இருந்திருக்கும்! அந்த சந்தோஷத்த அப்படியே பின்னூட்டத்துல கொட்டுவாங்க, படிக்கற நமக்கே மனசு நெறஞ்சிடும்.

இன்னொண்ணு எதிர்வினை. அப்போ தமிழ்ல சண்டைக்குப் பஞ்சமே இல்ல, ஆனா சண்டை போடறவங்கள்ல நேர்மையானவங்க ஒண்ணு பண்ணுவாங்க, எதிராளியோட பதிவுக்கு மொத வரியிலயே சுட்டி கொடுத்துடுவாங்க. அவரு என்ன சொன்னாருன்னு நீங்களே போய் படிங்க, அப்பறம் என் பதில படிங்க, நான் அவரு வார்த்தைய வெட்டி ஒட்டியிருந்தா நீங்களே கண்டுபிடிச்சிடலாம். இத நான் ரொம்ப ஒசத்தியா நினைக்கறேன். நம்மள சரிபார்க்கற சாவிய படிக்கறவங்க கைல கொடுக்கறது அது. தமிழ் விக்கிப்பீடியால ஒவ்வொரு தகவலுக்கும் மேற்கோள் கேக்கறாங்களே, அதுவும் இதே குணம்தான்.

கல்யாண மொய் மாதிரியான லிங்க்கும் உண்டு. நீ எனக்கு வச்சா நான் உனக்கு வைப்பேன், உன் ப்ளாக் சைட்பார்ல என் பேர் வந்தா என் சைட்பார்லயும் உன் பேர் வரும், பின்னூட்டத்துக்குப் பின்னூட்டம், ஓட்டுக்கு ஓட்டு. இத கேவலமா பேசறவங்க உண்டு, நான் அப்படிப் பேச மாட்டேன். புதுசா எழுத வர்றவங்களுக்கு மொத பத்து வாசகர் பெரும்பாலும் இப்படித்தான் வந்தாங்க, அதுல பலரு அப்பறம் நல்லா எழுதவும் செஞ்சாங்க.

லிங்க்குக்கு விலை வந்ததும்தான் எல்லாம் கலங்குச்சு. கார்ஃபீல்டோட மேற்கோள் யோசனையத்தான் 1998 வாக்குல கூகுள தொடங்கின லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் வெப்புக்குக் கொண்டு வந்தாங்க, ஒரு பக்கத்துக்கு யாரெல்லாம் லிங்க் கொடுக்கறாங்க, கொடுக்கறவங்களுக்கு எவ்ளோ மதிப்புன்னு பார்த்து அந்தப் பக்கத்த வரிசைப்படுத்தறது, பேஜ்ரேங்க்னு பேரு. அற்புதமான யோசனைதான், ஏன்னா அது வரைக்கும் ஜனங்க மனசாரக் கொடுத்த லிங்க்க நம்பி கட்டினது அது. ஆனா கூகுள் அந்த லிங்க்க ஓட்டா எண்ண ஆரம்பிச்ச ஒடனே, ஓட்டுக்குக் காசு கொடுக்க ஆளு வந்துட்டாங்க. ப்ளாக் ப்ளாக்கா போய் பின்னூட்டத்துல மாத்திரை விளம்பரத்தையும் சூதாட்ட சைட்டையும் கொட்டினாங்க, அத தடுக்க 2005 ஜனவரில நோஃபாலோங்கற குறிப்பு வந்துச்சு, அதாவது லிங்க் இருக்கும் ஆனா ஓட்டா எண்ண வேண்டாம்னு தேடுபொறிக்கு சொல்றது. 2007ல ஆங்கில விக்கிப்பீடியா தன்னோட வெளி இணைப்பு எல்லாத்துக்கும் அதப் போட்டுச்சு.

மெஷினுக்கு மனசு தெரியாதுங்கறதும் அப்போதான் எல்லாருக்கும் புரிஞ்சுது. 2003 கடைசில நெறைய பேரு சேர்ந்து, "படுதோல்வி"ன்னு அர்த்தம் வர்ற ரெண்டு ஆங்கில வார்த்தைய ஜார்ஜ் புஷ்ஷோட வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு லிங்க் பண்ணாங்க, கூகுள்ல அந்த வார்த்தையப் போட்டா அவரோட வாழ்க்கைக் குறிப்பு மொதல்ல வந்து நின்னுச்சு. திட்டறதுக்குக் கொடுத்த லிங்க்கும் கணக்குல ஒரு ஓட்டுதான். 2007ல கூகுள் அத சரி பண்ணுச்சு. ஆனா ஒரு பயம் மட்டும் ஜனங்க மனசுல தங்கிடுச்சு, பிடிக்காதவனுக்கு லிங்க் கொடுத்தா அவன வளர்த்து விடறோம்னு. இன்னைக்கு ஒருத்தர விமர்சனம் பண்றவங்க ஸ்க்ரீன்ஷாட் போடறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஸ்க்ரீன்ஷாட்ல முன்ன பின்ன என்ன எழுதியிருந்துச்சுன்னு படிக்கறவங்களால பார்க்க முடியாது, எதிர்வினைல இருந்த அந்த நேர்மை அங்கதான் போச்சு.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது 2012ல நடந்தது. அந்த வருஷம் ஏப்ரல்ல கூகுள் பெங்குவின்னு ஒரு மாற்றம் கொண்டு வந்துச்சு, காசு கொடுத்து லிங்க் சேர்த்த சைட்டுங்கள பின்னுக்குத் தள்ளறதுக்காக. தேவையான வேலைதான். ஆனா பயந்து போன கம்பெனிங்க தங்களுக்கு லிங்க் கொடுத்தவங்களுக்கெல்லாம் மெயில் அனுப்ப ஆரம்பிச்சாங்க, தயவு செஞ்சு எங்க லிங்க்க எடுத்துடுங்கன்னு. பிடிச்சுப் போய் சும்மா எழுதினவங்களுக்கும் அந்த மெயில் போச்சு. ஒருத்தர் நன்றியோட கொடுத்தத திருப்பி எடுத்துக்கோன்னு சொல்ற நெலமைக்கு வந்துட்டோம். இன்னொரு பக்கம், "உங்க பழைய பதிவுல எங்க லிங்க் ஒண்ணு சேருங்க, பணம் தரோம்"னு பழைய ப்ளாக் வச்சிருக்கறவங்களுக்கு இன்னமும் மெயில் வந்துட்டே இருக்கு. இதெல்லாம் பார்த்து, எதுக்கு வம்புன்னு லிங்க் கொடுக்கறதையே விட்டவங்க உண்டு.

மிச்சம் இருந்தத சோஷியல் மீடியா பார்த்துக்கிச்சு. ஃபேஸ்புக்ல தமிழ்ல எழுதறவங்க பதிவப் பாருங்க, "லிங்க் முதல் கமெண்ட்டில்". பதிவுலயே லிங்க் வச்சா நாலு பேருக்குக் கூட காட்ட மாட்டாங்கன்னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. எக்ஸ் தளத்துல 2024 நவம்பர்ல எலான் மஸ்க்கே, லிங்க்க பதிவுல வைக்காம கீழ ரிப்ளைல போடுங்கன்னு சொன்னாரு. இன்ஸ்டாகிராம்ல படத்துக்குக் கீழ எழுதற லிங்க்க தொட்டா எதுவும் தொறக்காது, அதனால "லிங்க் பயோல இருக்கு". கனடால நெலம இன்னும் மோசம், செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கணும்னு வந்த சட்டத்த எதிர்த்து மெட்டா 2023 ஆகஸ்ட்ல செய்தி லிங்க்க மொத்தமா நிறுத்துச்சு, டொரண்டோல இருக்கற நம்ம ஆளுங்க தமிழ்ச் செய்தி லிங்க்கக் கூட ஃபேஸ்புக்ல போட முடியாம போச்சு. ஆளுங்கள வெளிய அனுப்பறதுதான் லிங்க்கோட வேலை, ஆளுங்கள உள்ளயே வச்சுக்கறதுதான் இந்த ஆப்புங்களோட வேலை, ரெண்டும் ஒத்துப் போகவே போகாது.

இதுல வளர்ந்த தலைமுறைக்கு லிங்க் கொடுக்கற பழக்கமே வராதது அவங்க தப்பு கெடையாது. ஆனா "படித்ததில் பிடித்தது"ன்னு வாட்ஸப்ல வர்றதப் பார்த்தா எனக்குக் கோவம் வரும். பிடிச்சுதுன்னு சொல்றாங்க, யாரு எழுதினதுன்னு சொல்றதில்ல. ஒருத்தர் நூலகம் நூலகமா அலைஞ்சு எழுதின கட்டுரை, பேரு மட்டும் வெட்டப்பட்டு ஊர் பூரா சுத்துது. கீழ "நன்றி: இணையம்"னு போட்டிருப்பாங்க. இணையம் எதுவும் எழுதாதுங்க, எழுதினது ஒரு மனுஷன். நம்ம பத்திரிகைங்க வேற எதுல இருந்தாவது எடுத்துப் போட்டா அது எந்தப் பத்திரிகைன்னு "நன்றி"க்குப் பக்கத்துல அச்சடிச்ச காலம் உண்டு, அதுல பேரு இருந்துச்சு, தேடிப் போக ஒரு வழி இருந்துச்சு. பிடிச்சது உண்மைன்னா, பிடிச்சத எழுதின ஆளுக்கு அது போய் சேரணும்னு தோணணும் இல்லயா?

லிங்க் கொடுத்தாலும் அது நிக்கறதில்லங்கறது தனிக் கவலை. அமெரிக்கால பியூ ரிசர்ச் 2024ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 2013ல இருந்த வெப் பக்கங்கள்ல 38 சதவீதம் பத்து வருஷத்துல காணாம போயிருக்கு. பழைய தமிழ்ப் பதிவுங்கள்ல இருக்கற சுட்டிய அமுக்கிப் பாருங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு எங்கயும் போகாது. நடுவுல பழைய தமிழ் நூல்கள இலவசமா வைக்கற மதுரைத்திட்டம் மாதிரி, ஈழத்து நூல்கள சேர்த்து வைக்கற நூலகங்கற சைட் மாதிரி சிலது மட்டும் வருஷக்கணக்கா நிக்குது, அத நிக்க வைக்கறவங்களுக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் தகும்.

அதனால நான் இப்போ லிங்க் கொடுக்கும்போது, எழுதினவர் பேரு, கட்டுரைத் தலைப்பு, எந்த வருஷம், மூணையும் எழுத்துலயே எழுதிடறேன், சுட்டி செத்துப் போனாலும் பேர வச்சுத் தேடலாம். அந்தப் பக்கத்த இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல சேமிச்சும் வைக்கறேன், முகவரிய ஒட்டி ஒரு பட்டன அமுக்கினா போதும். கூடவே எதுக்காகப் பிடிச்சுதுன்னு ஒரு வரி. வலைச்சரத்துல ஆசிரியரா இருந்தவங்க அந்த ஒரு வரிய ஒழுங்கா எழுதினாங்க, அதுக்காகவே நெறைய பேரு அந்த சுட்டிய அமுக்கினாங்க. அடுத்த பதிவுல நான் இப்போ விடாம படிக்கற சின்னச் சின்ன தமிழ்ப் பக்கங்கள அப்படி எழுதப் போறேன், உங்களுக்குத் தெரிஞ்சு யாரும் எட்டிப் பார்க்காத பக்கம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, அதையும் படிச்சிட்டு சேர்த்துக்கறேன்.