திருவருகைக் காலத்தில் ஆரோக்கிய அன்னையின் திருமுன்: ஒரு நேர்ச்சைப் பயணம்

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவ வீடுகளில் தாய்மாருக்கு உட்கார நேரம் இருப்பதில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பார்க்க வேண்டும். தையற்காரரிடம் கொடுத்த துணியைக் கேட்டுப் பலமுறை நடக்க வேண்டும். அச்சு முறுக்குக்கும் அதிரசத்துக்கும் கல்கல்லுக்கும் மாவு அரைத்துவர வேண்டும். எங்கள் பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவான அன்பியத்தின் கேரல் பவனி எந்த இரவில் நம் தெருவுக்கு வரும் என்று கேட்டுவைத்து, எத்தனை மணியானாலும் வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்கக் காத்திருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் நடுவில்தான் பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வும் வருகிறது. கோவிலில் ஊதா நிறத் திருவுடையில் குருவானவர் நின்று, இது விழித்திருந்து காத்திருக்கும் காலம் என்று மறையுரை ஆற்றும்போது, என் மனம் அடுப்பிலும் பள்ளிக்கூடத்திலும் துணிக்கடையிலும் அலைந்துகொண்டிருப்பதை ஒவ்வோர் ஆண்டும் உணர்ந்து வருந்தியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரங்களாகிய திருவருகைக் காலத்தை, 2024-ஆம் ஆண்டில் வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை எனக்கு வேறு விதமாக அமைத்துக் கொடுத்தாள். அதற்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

முந்தைய ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் இளைய மகனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியதும் நாங்கள் மூச்சுவிட்டோம். ஆனால் இறங்கிய பிறகு வரும் ஓரிரு நாள்களே மிகவும் கவனமாக இருக்க வேண்டியவை என்று மருத்துவர் சொன்னார். அவர் சொன்னபடியே இரத்தத் தட்டணுக்கள் ஒவ்வொரு பரிசோதனையிலும் குறைந்துகொண்டே வந்தன. ஊசி ஏறிய அந்தச் சிறிய கையைப் பிடித்தபடி, நள்ளிரவில், வார்டில் எல்லாப் பிள்ளைகளும் முனகிக்கொண்டிருந்த நேரத்தில், வேளாங்கண்ணித் தாயிடம் நேர்ந்துகொண்டேன்: பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் தாயே, அவன் முடியை உம்மிடம் காணிக்கையாக்குகிறேன், மாதா குளத்துப் பாதையில் முழங்காலால் நடந்து வருகிறேன் என்று. மறுநாள் மாலை வந்த பரிசோதனை முடிவில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருந்தது. மருத்துவரையும், இரவெல்லாம் உறங்காமல் நின்ற செவிலியரையும் அன்னைதான் அங்கே நிறுத்தினாள் என்பது என் விசுவாசம்.

நேர்ச்சையைத் திருவருகைக் காலத்திலேயே நிறைவேற்ற வேண்டும் என்று வலியுறுத்தியவர் என் மாமியார். பெரியவளுக்குத் திங்கட்கிழமை கணக்குத் தேர்வு, வீட்டில் பாதி வேலை கிடக்கிறது, பலகாரம் தொடங்கவே இல்லை என்று நான் தயங்கியபோது, “பாலன் பிறக்கிறதுக்கு முன்னாடி மாதாவுக்குச் சொன்ன சொல்லைத் தீர்த்துடும்மா. பலகாரம் எங்கேயும் ஓடிடாது” என்றார் அத்தை. பரீட்சை நேரத்தில் யாராவது பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களா என்று உறவினர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல், திருவருகைக் கால மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை விடியலில் திருச்சியிலிருந்து புறப்பட்டோம்.

அந்த வாரம் டெல்டா முழுவதும் கனமழை பெய்திருந்தது. தஞ்சாவூரைத் தாண்டியதிலிருந்து சம்பா வயல்கள் பல இடங்களில் ஏரி போலக் கிடந்தன. பயிர் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வயல்களின் வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்தபோது, அவர்கள் வீட்டில் பொங்கல் எப்படி வருமோ என்ற கவலை நெஞ்சில் தட்டியது. திருவாரூரில் ஏறிய ஓர் அம்மையார் எங்கள் பக்கத்தில் அமர்ந்தார். நெற்றியில் திருநீறு, மடியில் மஞ்சள் பையில் ஒரு புதிய பட்டுச் சேலை. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் மாதாவுக்குச் சேலை சாத்துவதாக வேண்டிக்கொண்டாராம். பேரன் பிறந்து மூன்று மாதம் ஆகிறது என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி, என் மாமியாரையும் அவரையும் கீழ்வேளூர் வருவதற்குள் நெடுநாள் தோழியராக்கிவிட்டது. அன்னையிடம் வருகிறவர்களுக்கு நடுவில் சாதியும் சமயமும் பெரிதாகத் தெரிவதில்லை என்பதை வேளாங்கண்ணிப் பேருந்தில் ஏறிய எவரும் அறிவார்கள்.

பேருந்து நிலையத்தில் இறங்கிய உடனேயே மனம் கசந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அறை வேண்டுமா என்று தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கேட்காமலேயே எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். பையைத் திரும்பப் பெறுவதற்குள் என் கணவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. மெழுகுவர்த்திக் கட்டைக் குழந்தையின் கையில் திணித்துவிட்டு, இனிமேல் திருப்பித் தரக்கூடாது, மாதாவுக்கு என்று எடுத்தது என்று பணம் கேட்ட பெண்ணிடம் நான் கொடுத்துவிட்டே வந்தேன். அன்னையின் பெயரைச் சொல்லி ஏழை பக்தர்களிடம் இப்படிப் பறிப்பது பெரும் பாவம். எங்கெங்கோ சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வருகிறவர்கள் பலர். அவர்களின் கண்ணீர் யாரையும் சும்மா விடாது.

முடி காணிக்கை விரைவில் முடிந்தது. சிறியவன் அழுவான் என்று அஞ்சியிருந்தோம். அவனோ பக்கத்தில் மொட்டையடித்துக்கொண்டிருந்த தாத்தாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அமர்ந்திருந்தான்.

மாதா குளத்துப் பாதையில் மணல் முழுவதும் நனைந்திருந்தது. காய்ந்த மணலில் முழங்கால் புதையும். ஈர மணல் அப்படிப் புதையவிடாமல் இறுகி நின்று உரசும். கைப்பேசியைக் கணவரிடம் கொடுத்து அணைத்துவைக்கச் சொல்லிவிட்டு, சிறியவனை ஒரு கையில் பிடித்தபடி முழங்காலிட்டேன். பெரியவள் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். சனிக்கிழமை ஆகையால் செபமாலையில் மகிழ்ச்சி மறைபொருள்கள்: இயேசுவின் பிறப்பையும் சிறு வயதையும் தியானிக்கும் ஐந்து நிகழ்வுகள். சற்று தூரம் சென்றதும் எனக்கு மூச்சு வாங்கி, மங்கள வார்த்தைச் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல முடியாமல் போயிற்று. உடனே மகள் “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று தொடங்க, பின்னால் வந்த அத்தை “அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே” என்று தம் சிறு வயதில் கற்ற படியே முடிக்க, இருவருக்கும் நடுவில் நான் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு போனேன். என்னைச் செபம் சுமந்து சென்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிவரும் மறைபொருள்கள்தாம். ஆனால் அந்த மணலில்தான் அவை ஐந்தும் ஒரு தாயின் அலைச்சலாக எனக்குத் தெரிந்தன. வானதூதர் மங்கள வார்த்தை சொன்னதும் அவள் ஓய்ந்து உட்காரவில்லை. யூதேய மலைநாட்டுக்கு விரைந்து சென்று எலிசபெத்தம்மாளுக்கு உதவியாக நின்றாள். பேறுகாலம் நெருங்கிய நேரத்தில், பேரரசன் கேட்ட கணக்கெடுப்புக்காக, நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் போனாள். போன இடத்தில் விடுதியில் இடமில்லை. தீவனத்தொட்டியில் பிள்ளையைக் கிடத்திய பிறகும் இடையர்கள் முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றார்கள். இத்தனை நெருக்கடியிலும் அவள் எல்லாவற்றையும் தன் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தாள் என்று லூக்கா நற்செய்தியாளர் எழுதியிருக்கிறார். நாற்பதாம் நாள் கோவிலுக்குப் பிள்ளையைத் தூக்கிச் சென்றபோது, ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்றவர்கள் கொடுக்கும் இரண்டு புறாக்களே அவளுடைய காணிக்கை. முதல் கிறிஸ்துமஸ், வேலையெல்லாம் முடிந்து வீடு ஒழுங்கான பிறகு வந்த திருநாள் அல்ல. வேலைகளுக்கும் வழிநடைக்கும் நடுவிலேயே வந்தது. வேலை முடிந்தால் மனம் அமைதியடையும், அப்போது நிதானமாகச் செபிக்கலாம் என்று டிசம்பர்தோறும் தள்ளிவைத்துக்கொண்டிருந்த எனக்கு, அன்னையே அருகில் வந்து நடந்தபடி இதைச் சொல்லிக்கொடுத்ததாக உணர்ந்தேன்.

ஐந்தாவது மறைபொருளில் நான் நின்றுவிட்டேன். காணாமற்போன பிள்ளையை மூன்று நாள் தேடிக் கண்டடைந்தது. மருத்துவமனையில் பிள்ளையின் எண்ணிக்கை ஏறுமா என்று காத்திருந்த இரவுகள் நினைவுக்கு வந்தன. அந்த வார்டில் எனக்கு எதிர்ப்படுக்கையில் இருந்த சிறுமியை வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அவள் என்னவானாள் என்று எனக்குத் தெரியாது. அவள் தாய் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். செபமாலையின் ஐம்பது மணியிலிருந்து ஒரு பத்து மணியை அந்தச் சிறுமிக்காக ஒப்புக்கொடுத்தேன். குளத்தை அடைந்தபோது முழங்கால் இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தது. ஆனால் வலி தெரியவில்லை. தீர்த்தத்தை எடுத்துப் பிள்ளையின் தலையில் தெளித்தபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பதையே அறிந்தேன்.

பேராலயத்துக்குள் கூட்டம் நெருக்கியது. தள்ளாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் தள்ளினார்கள். முன்னே செல்லச் செல்ல, நான் கேட்க வேண்டியவற்றை மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டேன்: கணவரின் வேலை மாற்றம், மகளின் தேர்வு, அத்தையின் சர்க்கரை, நாத்தனாருக்கு ஒரு குழந்தை. சேலை உடுத்தி, கையில் பாலனை ஏந்தி, பூக்களுக்கு நடுவில் அவள் நின்றாள். அவளுடைய திருமுகத்தைப் பார்த்ததும் மனத்திலிருந்த அந்த வேண்டுதல் வரிசை முழுவதும் மறைந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கி அவளுக்கு நேராகக் காட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பின்னாலிருந்தவர்கள் நகரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், என் தோளை யாரோ அழுத்தினார்கள், ஆனாலும் அவளுக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லாததைப் போல் இருந்தது. அந்தச் சில நொடிகளில் என்னிடம் வந்த அமைதியை எனக்கு எழுதத் தெரியவில்லை. கடற்புயலில் தவித்த போர்த்துக்கீசிய மாலுமிகளைக் கரைசேர்த்தவள், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனை எழுந்து ஓடவைத்தவள், என் வீட்டுச் சிறுவனையும் கணக்கில் வைத்திருந்தாளே தாயே, உமக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

கடற்கரைக்குப் பிள்ளைகள் கெஞ்சினார்கள். அலை சீற்றமாக இருந்ததால் தொலைவிலேயே நின்றோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, இதே கரையில் நின்றிருந்த திருப்பயணிகளைக் கடல் கொண்டுபோய் அப்போது 20 ஆண்டுகள் நிறைவடையவிருந்தன. அவர்களும் நேர்ச்சை செலுத்த வந்தவர்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். எத்தனையோ தாய்மார் தேடியும் கண்டடையவில்லை. என் பிள்ளை ஏன் பிழைத்தான், அவர்கள் பிள்ளைகள் ஏன் போனார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சிலுவையடியில் நின்ற தாய்க்கு அந்தத் தாய்மாரின் துயரம் என்னைவிட நன்றாகத் தெரியும். நன்றி சொல்ல வந்த இடத்தில் அவர்களை மறந்துவிடக் கூடாது என்று, சுனாமியில் இறந்தோரின் நினைவிடம் இருக்கும் திசையை நோக்கி அத்தை நித்திய இளைப்பாற்றிச் செபத்தைச் சொல்ல, நாங்களும் சேர்ந்து சொன்னோம்.

மாலைத் திருப்பலியில், மறுநாளாகிய மூன்றாம் ஞாயிற்றின், அதாவது மகிழ்ச்சி ஞாயிற்றின் வாசகங்கள். எதைப் பற்றியும் கவலை கொள்ள வேண்டாம், நன்றியோடு உங்கள் விண்ணப்பங்களைக் கடவுளிடம் தெரிவியுங்கள் என்று புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதிய பகுதி. அவர் அதைச் சிறையிலிருந்து எழுதினார் என்பதை நினைத்துக்கொண்டேன். மகள் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்தபடியே திருப்பலி கண்டாள். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இரவுப் பேருந்தில் திரும்பினோம். அடுத்த நாள்களில் தையற்காரர் தாமதித்தார், கேரல் குழுவினர் நள்ளிரவுக்கு மேல் வந்தனர், பலகாரத்தில் அச்சு முறுக்கு மட்டுமே செய்ய முடிந்தது. முன்பென்றால் ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்திருப்பேன். இம்முறை மாவு பிசையும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் மகிழ்ச்சி மறைபொருள்களைச் சொல்லிக்கொண்டே செய்தேன். இரவு உணவுக்குப் பின் திருவருகை வளையத்தின் மெழுகுவர்த்திகளை ஏற்றி, செபமாலையில் ஒரு பத்து மணியாவது குடும்பமாகச் சொல்லாமல் உறங்கவில்லை. நள்ளிரவுத் திருப்பலியில் வானவர் கீதம் பாடி மணியடித்தபோது, மொட்டைத் தலையில் குல்லாய் போட்டிருந்த சிறியவன் விழித்தே இருந்தான்.

எங்களோடு பயணம் செய்த அந்தத் திருவாரூர் அம்மையாரையும், அவர் பேரனையும், வார்டில் எங்களோடு இருந்த எல்லாப் பிள்ளைகளையும் ஆரோக்கிய அன்னை காக்க வேண்டும். நாத்தனாருக்காக அத்தை புதிதாக நேர்ந்திருக்கிறார். அன்னையின் அருளால் அது கைகூடினால் அன்னையின் ஆண்டுத் திருவிழாவின் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குத் திருச்சியிலிருந்து நடந்தே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய வயதுக்கு அது எளிதன்று. ஆனாலும் நான் தடுக்கவில்லை. உடன் நடப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். மரியே வாழ்க.