மினி ப்ராஜெக்ட் பருவம்

ஜனவரி 22, 2025

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மினி ப்ராஜெக்ட் தலைப்பு கொடுத்துவிட்டார்கள். வருகைப் பதிவு, நூலக மேலாண்மை, மறுபடியும் வருகைப் பதிவு. இவர்கள் சோம்பேறிகள் இல்லை. போன பேட்சில் மதிப்பெண் வாங்கிக்கொடுத்த தலைப்பையே எடுத்தால் ரிவியூவில் யாரும் குடைய மாட்டார்கள் என்று சீனியர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். போதாததற்கு, காசு கொடுத்தால் கம்ப்யூட்டர் கோடும் ரிப்போர்ட்டும் சேர்த்தே தரும் ப்ராஜெக்ட் சென்டர்கள் வேறு. நாலு வருஷப் படிப்பில் பிள்ளைகள் தாங்களே ஒன்றை யோசித்து, ஆரம்பித்து, முட்டி மோதி முடிக்கக் கிடைப்பது இந்த ஓர் இடம்தான், அதையும் விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பிப்ரவரி 6

ஒரு டீம் தலைப்பை மாற்றிக்கொண்டு வந்தது. அதில் ஒரு பெண் கவிதை எழுதுவாள். "மேம், ஒரு சொல்லைக் கொடுத்தா அதுக்கு எதுகை எல்லாம் தேடித் தர்ற மாதிரி பண்ணலாமா?" தாராளமாகப் பண்ணுங்கள் என்றேன்.

பைத்தான் நிரல்மொழியில் சொல்லின் இரண்டாம் எழுத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். 'மரம்' கொடுத்தால் 'கரம்' வந்தது, சந்தோஷம். அப்புறம் 'பாடல்' கொடுத்தார்கள். காலை, வானம், தாமரை என்று கொட்டியது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் 'பா' என்பது ப, அடுத்துத் தனியாக ஒரு துணைக்கால், ஆக கணினிக்கு இரண்டாவதாகத் தெரிவது 'ட' இல்லை, அந்தக் கால்தான். 'தமிழ்' எத்தனை எழுத்து என்று கேட்டால் 5 என்கிறது. காரணத்தை நான் சொல்லவில்லை, அவர்களே சொல்லைப் பிரித்துப் பிரித்து அச்சிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். லேப் பூட்டும் நேரம் ஆகியும் எழுந்திருக்க மனசில்லை.

பிப்ரவரி 20

உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். கல்லூரி மாணவர்களிடம் துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் சோமா கனசதுரப் புதிரைக் கொடுத்தார், ஒரு பிரிவுக்கு மட்டும் போட்டு முடித்ததற்குக் காசு. அடுத்த முறை காசை நிறுத்தியதும் அந்தப் பிரிவினர் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது முன்பைவிடக் குறைந்துபோனது. நம் ரிவியூ மதிப்பெண்ணும் அந்தக் காசு மாதிரிதான் வேலை செய்கிறது என்று நான் நம்புகிறேன்.

மார்ச் 13

'கொடி' சரியாக வரவில்லை. சில கோப்புகளில் 'கொ'வின் குறி ஒரே குறியீடாகவும், சிலவற்றில் ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்றும் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகு 'படி'யோடு சேர்ந்துகொண்டது. இன்றைய ரிவியூவில் திரையே இல்லாமல் கரும்பலகையில் எழுதி இதை அந்தப் பெண் விளக்கினாள், கேள்வி கேட்க வந்த ஆசிரியர்களே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

துறைத்தலைவரிடம் நாளை பேசப்போகிறேன்: ரிப்போர்ட் பக்கங்களுக்கான மதிப்பெண்ணைக் குறைத்து, எங்கே உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மாணவர்கள் வாய்மொழியாகச் சொல்வதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். அந்த டீம் அடுத்து மோனையும் சேர்க்கிறதாம், பாடத்திட்டத்தில் யாரும் கேட்காமலேயே.